மல்லிகாவைக் கண்டித்த தீர்மானம்

ஒரு புத்தகத்தைப் பற்றி உறுதியான கருத்து வேண்டுமென்றால் அதைப் படிக்கக் கூடாது. படித்தவனுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. ‘அப்படியும் சொல்வதற்கில்லை, இப்படியும் சொல்வதற்கில்லை’ என்று இழுக்க ஆரம்பிக்கிறான். படிக்காதவன்தான் பளிச்சென்று சொல்லுவான். திண்டுக்கல்லில் எங்கள் வாசகசாலையின் செயலாளராக இருந்த காலத்தில், நான் மிகவும் பளிச்சென்று பேசுகிறவன் என்று பெயர் எடுத்திருந்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. தாலுகா ஆபீசில் எழுத்தர். பி.ஏ. பாஸ் (அந்தக் காலத்து பி.ஏ. அதைப் பெயருக்குப் பின்னால் மட்டுமல்ல, வீட்டு நிலைக்கதவிலும் எழுதி மாட்டியிருந்தோம்). அலுவலக நடைமுறை என் ரத்தத்தில் கலந்திருந்தது. வீட்டில் தாகம் எடுத்தால்கூட அம்மாவிடம் நேரடியாகத் தண்ணீர் கேட்க மாட்டேன். தங்கை கமலத்திடம் சொல்லி, அவள் மூலமாகத்தான் கேட்பேன். எதற்கும் ஒரு முறை இருக்கிறதல்லவா?

வாசகசாலை என்பது ஒரு மாடிக் கட்டடம். மேலே புத்தகங்கள். கீழே பெரிய கூடம். கூடத்தைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் மேலே புத்தகம் வாங்குவோம். அதாவது ஊரில் யாராவது தாலி கட்டிக்கொண்டே இருக்கும்வரை இலக்கியம் பிழைத்திருக்கும். வாசகசாலையை நடத்திய சங்கத்துக்கு விதிகள் எழுதியது நான். விதி பதினொன்று: ஒருமுறை நிறைவேறிய தீர்மானத்தை மூன்று மாதங்களுக்கு மறுபரிசீலனை செய்யக் கூடாது. இதை எழுதிய அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். தன் தலையில் விழும்வரை எல்லா விதியும் நல்ல விதிதான்.

அப்போது ஊரில் ‘ஜாலி தண்டர்ஸ்’ என்று ஒரு பேண்டு செட் இருந்தது. முதலில் அவர்களும் எல்லோரையும் போல கிளாரினெட், டிரம் என்று கல்யாணத்துக்கும் மாதா கோயில் சப்பரத்துக்கும் வாசித்துக்கொண்டிருந்தவர்கள்தாம். பிறகு எங்கிருந்தோ ஒரு எலெக்ட்ரிக் கிடார் வந்து சேர்ந்தது. ரயில்வே காலனியில் யாரோ ஊரைக் காலி செய்தபோது விட்டுப் போனது என்றார்கள். கிடார் வந்ததும் கூடவே சிவப்புக் கால்சட்டையும், கழுத்தை மறைக்கும் தலைமுடியும், ‘ராக் அண்ட் ரோல்’ என்ற சொல்லும் வந்தன. கார் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபையரை ஒரு தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, கிடார்க்காரர் வின்சென்ட் அதோடு கம்பியால் கட்டப்பட்டவராக ஊர்வலத்தில் நடந்து வருவார். வண்டி பள்ளத்தில் இறங்கினால் அவரும் இறங்கியாக வேண்டும்.

இவர்களைப் பற்றித்தான் அந்தப் புத்தகம் வந்தது. மஞ்சள் அட்டை. ‘ஜாலி தண்டர்ஸ்: அந்தரங்க வரலாறு’ என்று தலைப்பு. அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், ‘மல்லிகாவுடன் மூன்று இரவுகள்’. எழுதியவர் பெயர் ‘உள்ளூரான்’. பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் வேர்க்கடலையோடு சேர்த்து விற்றார்கள். எங்கள் வாசகசாலைக்கும் இரண்டு பிரதிகள் வந்துவிட்டன. யார் வாங்கிப் போட்டது என்று இன்றுவரை தெரியாது.

நான் உடனே இரண்டையும் கைப்பற்றி, பொதுநலன் கருதி வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியின் மேல் வைத்தேன். பிறகு முறைப்படி அறிவிப்பு ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை மாலை வாசகர் கருத்தரங்கம் கூட்டினேன்.

அப்படி ஒரு கூட்டம் அந்தக் கட்டடம் கண்டதில்லை. காப்பியங்களைப் பற்றிக் கூட்டம் போட்டபோது நானும் ஒலிபெருக்கிக்காரரும் மட்டும் இருந்தோம். இதற்கு உட்கார இடமில்லாமல் சன்னல் திண்டுகளில் ஏறி நின்றார்கள்.

முதலில் வக்கீல் குமாஸ்தா எழுந்தார். “இந்தப் புத்தகம் நம்ம ஊர்ப் பெண்களை அவமானப்படுத்துது. வாங்குனவன் எவனா இருந்தாலும் வெக்கப்படணும்” என்றார். அவருடைய கையில் புத்தகத்தின் மஞ்சள் அட்டை சுருட்டிய நிலையில் இருந்தது. கேட்டபோது, ஆதாரத்துக்காக வைத்திருப்பதாகச் சொன்னார்.

உரக்கடை முதலாளி, புத்தகத்தில் சொல்லியிருப்பது போதாது என்றார். “இவன் ஒண்ணுமே எழுதல. எனக்குத் தெரிஞ்சத எழுதுனா இதப்போல நாலு புஸ்தகம் வரும்.” என்ன தெரியும் என்று பல குரல்கள் ஆவலோடு கேட்டன. சபை நாகரிகம் கருதிச் சொல்லவில்லை என்று உட்கார்ந்துவிட்டார். (சொல்வதற்கு ஏதாவது இருந்தால்தானே.)

அடுத்து ஓய்வுபெற்ற சானிட்டரி இன்ஸ்பெக்டர். குடும்பஸ்தர், கனமான குரல். “அந்த மல்லிகாவ எனக்கு நேர்லயே தெரியும்” என்றார். கூடம் அமைதியானது. “சாணார்பட்டிப் பக்கம். நல்ல குடும்பம். அப்பன் தங்கமான மனுசன். இவங்க கூட்டுச் சகவாசத்துல அந்தப் பிள்ளை வாழ்க்கையே போச்சு. அம்புட்டுதான் சொல்லுவேன்.” துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர் மல்லிகாவின் அப்பாவைத் தாங்களும் பார்த்திருப்பதாகத் தலையசைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பொருளாளர், டிராயிங் மாஸ்டர் அருளப்பன், எழுந்து நின்றார். மெலிந்த மனிதர். அளவுகோலை முழுங்கினாற்போல நிற்பார். எனக்கும் அவருக்கும் ஆகாது. விதிகளைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

“புத்தகத்த முழுசாப் படிச்சவங்க மட்டும் கையத் தூக்கலாமா?” என்றார்.

“அது நிகழ்ச்சி நிரல்ல இல்ல” என்றேன்.

“சும்மா ஒரு தகவலுக்குத்தான்.”

“தகவல் கேக்கணும்னா எழுத்து மூலமா முன்கூட்டியே கேக்கணும். விதி ஆறு.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் எனக்குக் கைதட்டியது. அந்தக் கைதட்டல் தலைக்கேறியதில், நான் கைப்பட ஒரு தீர்மானம் எழுதி வாசித்தேன். மூன்று பகுதிகள். ஒன்று, இந்த ஆபாச நூலை இச்சபை வன்மையாகக் கண்டிக்கிறது. இரண்டு, மல்லிகா என்னும் அபலைக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு இச்சபை கண்ணீர் வடிக்கிறது. அவரும் தம் நடத்தையைத் திருத்திக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறது. மூன்று, மேற்படி பேண்டு செட் இவ்வாசகசாலையின் வளாகத்துக்குள் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கப்பட மாட்டாது.

மூன்றாவது பகுதிக்கு அவசியமே இல்லை. ஆனால் இரண்டோடு நிறுத்தினால் தீர்மானம் மொட்டையாக இருந்தது. ஓசைக்காகச் சேர்த்தேன்.

அருளப்பன் நடுநிலை வகிக்க, தீர்மானம் நிறைவேறியது. நடந்தா வந்தேன் வீட்டுக்கு? மிதந்துகொண்டு வந்தேன்.

வீட்டில் அப்பாவும் சம்பந்தியும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வெங்காய மண்டி வைத்திருந்தவர். அடுத்த வாரம் கமலத்துக்குக் கல்யாணம். பாலசமுத்திரத்து மாப்பிள்ளை, தென்னந்தோப்புக் குடும்பம். கல்யாணம் வாசகசாலைக் கூடத்தில்தான். செயலாளர் என்ற முறையில் கூடத்தை நானே பதிவு செய்து, விண்ணப்பத்தை நானே பரிசீலித்து, நானே அனுமதித்திருந்தேன். நாயனத்துக்கு ஏற்பாடு முடிந்திருந்தது. பேண்டு என்ற பேச்சே எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

“வாங்க தம்பி” என்றார் சம்பந்தி. “நல்ல சேதிங்க. மாப்பிள்ளை அழைப்புக்குப் பேண்டு பேசி, வெத்தலை பாக்கு மாத்திப்போட்டு வந்துட்டோமுங்க.”

“எந்தப் பேண்டு?”

“இவங்கதானுங்க, ஜாலி தண்டர்ஸு. இவங்களப் பத்திப் புஸ்தகமே போட்டிருக்காங்களாமா. பஸ்ஸுல ஒருத்தரு படிச்சுட்டு வந்தாரு, பார்த்தேனுங்க. புஸ்தகம் போடற அளவுக்குன்னா சாமானியப்பட்ட ஆளுங்களா இருக்க மாட்டாங்கல்லங்க.”

“நீங்க அந்தப் புத்தகத்தப் படிச்சீங்களா?”

“எதுக்குங்க? அட்டையப் பார்த்தாலே தெரியுதுல்லங்க.”

அன்றைய கருத்தரங்கில் சொல்லப்பட்ட எந்தக் கருத்துக்கும் இது குறைந்ததில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு வாத்தியக்காரரை வேண்டாம் என்பது அமங்கலம். எங்கள் அப்பா சந்தையில் வாய்ச்சொல்லுக்குக்கூடப் பின்வாங்காதவர்.

சம்பந்தி புறப்பட்டதும் விஷயத்தைச் சொன்னேன். அப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏலே, அந்தப் பேண்டு உள்ள வரக்கூடாதுன்னு எழுதுனது யாரு?”

“சபை.”

“சபைக்கு எழுதிக் குடுத்தது யாரு?”

“நான்தான்.”

“அப்ப நீயே அழிச்சிரு.”

“மூணு மாசத்துக்கு முடியாதுப்பா. விதி இருக்கு.”

“விதிய எழுதுனது யாரு?”

கதவோரம் நின்றிருந்த கமலம் சொன்னாள், “அதையும் இவருதாம்ப்பா.”

கமலம் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். யாரும் கேட்காதபோதும் பதில் சொல்லும் குணம். அப்பா உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்து, “அண்ணே, அந்தப் புஸ்தகத்துல என்ன தப்புன்னு தடை போட்டீங்க?” என்றாள்.

“அதெல்லாம் நீ கேக்கக் கூடாது. மல்லிகான்னு ஒரு பொண்ணு வாழ்க்கை...”

“மல்லிகா ஆடுண்ணே.”

“என்னது?”

“ஆடு. வெள்ளாடு. வாசிக்கப் போன ஊர்ல சன்மானமாக் குடுத்திருக்காங்க. லாரி கிடைக்காம மூணு ராத்திரி அத ஓட்டிக்கிட்டே நடந்து வந்தாங்களாம். ராத்திரி பூராம் கத்திக்கிட்டே வந்துச்சாம். அம்புட்டுதான் கதை. அலமாரி மேல வச்சிட்டுப் போனீங்கல்ல, நானும் அம்மாவும் படிச்சிட்டோம். அம்மாவுக்கு அந்த ஆட்ட நெனச்சுக் கண்ணீரே வந்துருச்சு.”

சாணார்பட்டியில் நல்ல குடும்பம், தங்கமான அப்பா. இச்சபை ஓர் ஆட்டை நடத்தையைத் திருத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறது.

அவசரக் கூட்டம் கூட்டினேன். மல்லிகா ஆடு என்ற உண்மையைச் சபை முன் வைத்தேன். சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆட்சேபித்தார். தமக்குத் தெரிந்த மல்லிகா ஆடல்ல என்றும், தம்மைப் பொய்யர் ஆக்கப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். வக்கீல் குமாஸ்தா, ஆடாகவே இருந்தாலும் கண்டிக்கத்தக்கதுதான் என்றார். தீர்மானத்தை வாபஸ் வாங்கலாமா என்று நான் கேட்டபோது அருளப்பன் மெல்ல எழுந்தார்.

“விதி பதினொன்று” என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அந்த மாதிரி நிறைவோடு ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

வேறு மண்டபம் அந்த வாரத்தில் கிடைக்கவில்லை. ஆனால் நான் நடைமுறை தெரிந்தவன் அல்லவா? தீர்மானத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஓர் ஓட்டை கண்டுபிடித்தேன். பேண்டு ‘வளாகத்துக்குள்’ வரக்கூடாது, அவ்வளவுதானே? தெருவில் வாசித்துக்கொண்டு வரட்டும். கேட்டு வாசலில் பேண்டு நிற்கும். உள்ளேயிருந்து நாயனம் எதிர்கொண்டு மாப்பிள்ளையை அழைத்துப் போகும். பேண்டுக்கும் பங்கம் இல்லை, தீர்மானத்துக்கும் பங்கம் இல்லை. இதை யாரிடமும் கலந்து பேசவில்லை. மேதைகள் பேச மாட்டார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு பிள்ளையார் கோயிலிலிருந்து புறப்பட்டது. திறந்த காரில் மாப்பிள்ளை தண்டபாணி. பக்கத்தில், பெண்ணின் அண்ணன் என்ற முறையில், ஜரிகை அங்கவஸ்திரத்தோடு நான். முன்னால் சிவப்புக் கால்சட்டைகள். ஒரு ராக் அண்ட் ரோலும் ஒரு முருகன் பாட்டும் மாறி மாறி வாசித்தார்கள். இரண்டுக்கும் தாளம் ஒன்றுதான் என்பது கூர்ந்து கேட்டால் தெரியும். தெரு முழுக்க ஜனம். மாப்பிள்ளை சந்தோஷமாகத்தான் இருந்தார்.

“மச்சான், நீங்க இவங்களப் பத்தின புஸ்தகத்துல பெரிய விவரஸ்தராமே” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வாசகசாலை கேட்டில் கார் நின்றது. கேட்டுக்கு நடுவில், வெள்ளைச் சட்டையில் பித்தான்கள் அனைத்தும் பூட்டியபடி அருளப்பன் நின்றுகொண்டிருந்தார். என் திட்டப்படி பேண்டு ஒதுங்கி நின்றது. உள்ளேயிருந்து நாயனக்காரர்கள் ஊதிக்கொண்டே வந்தார்கள். நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, “இறங்குங்க மாப்பிள்ளை” என்றேன்.

முன்னால் நடந்து வந்த சம்பந்தி திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க, பேண்டு ஏன் நின்னுபோச்சு?”

“அவங்க இதுவரைக்கும்தான். இனிமே நாயனம் கூட்டிட்டுப் போகும்.”

“அதெப்படிங்க? கூட்டிட்டு வந்த மேளந்தானுங்க படி ஏத்தி விடோணும். நடுவால மாத்தற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லீங்க. அப்படி மாத்துனா பொண்ணு மாறுன கணக்குங்க.”

இது எனக்குத் தெரியாது. எல்லா நடைமுறையும் தெரிந்தவன், இந்த நடைமுறையை யாரிடமும் கேட்டுவைக்கவில்லை.

“நாயனமும் மங்கல வாத்தியந்தானே” என்றேன்.

“நாயனம் எங்கூர்லயும் இருக்குதுங்க தம்பி. பேண்டு வாசல்ல நின்னா மாப்பிள்ளையும் வாசல்ல நிக்கிறாருங்க. இல்லீனா காரைத் திருப்பச் சொல்லுங்க, நாங்க பாலசமுத்திரம் போய்க்கறோம்.” அவர் கோபப்படவே இல்லை. பஸ் நேரம் கேட்பதுபோலச் சொன்னார்.

அப்பா அருளப்பனிடம் கும்பிட்டுக் கேட்டார். “மாஸ்டர், ஒரு பொம்பளப் பிள்ளை விசயம். செத்த வழி விடுங்க.”

அருளப்பன் பதைத்துப்போய் அப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, எனக்கு இதுல சொந்த விருப்பு வெறுப்பு கிடையாது. செகரெட்டரி இந்தா கார்லயே இருக்காரு. தீர்மானம் அமல்ல இருக்கா இல்லையான்னு அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும். இல்லைன்னு சொன்னாருன்னா நான் விலகிக்கிறேன்.”

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. அப்பா பார்த்தார். சம்பந்தி பார்த்தார். மாப்பிள்ளை, மாலைக்குள்ளிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தார். மாடியில், புத்தக அலமாரிகளுக்கு நடுவே மணப்பெண் அறை. அந்தச் சன்னலில் கமலத்தின் முகம் தெரிந்தது. ‘இல்லை’ என்று ஒரே ஒரு சொல். மூன்று எழுத்து. எந்த மடையனும் சொல்லியிருப்பான். ஆனால் என்னிடம் ஒரு சட்டக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். முறைப்படி கேட்டிருக்கிறார்கள். என் முதுகு தானாக நிமிர்ந்தது. அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டேன்.

“இருக்கு” என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வெளியே போன பிறகுதான் நான் அதைக் கேட்டேன்.

மாப்பிள்ளை மெதுவாகத் தன் கையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். அப்பா செருப்பைக் கழற்றினார். (அடிப்பதற்கு என்று நினைத்தேன். கால் வலி.) பேண்டு மாஸ்டர் மிக்கேல், பேச்சு நடக்கும்போது மௌனமாக நின்றால் அபசகுனம் என்று வாசிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். தெரிந்த பாட்டுகள் தீர்ந்தன. முதலிலிருந்து தொடங்கினார்கள். ஆம்ப்ளிஃபையரின் பேட்டரி இறங்கி, கிடார் கொசு மாதிரி முனகி அடங்கியது. வின்சென்ட் சத்தம் வராத கிடாரைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. சம்பந்தி வீட்டார் தங்கள் சீர்த் தட்டுகளைத் திரும்ப எண்ணிக் கட்ட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் கமலம் படியிறங்கி வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அழைப்பு முடியும் முன் பெண் வாசலுக்கு வருவதாவது? அத்தைமார் பின்னாலேயே ஓடிவந்தார்கள். அவள் கேட்டுக்கு உட்புறம் வந்து நின்று என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, ஒரு விளக்கம் வேணும். தீர்மானம் பேண்டு உள்ள வரக் கூடாதுன்னா, பொண்ணு வெளிய போகக் கூடாதுன்னா?”

“பேண்டு உள்ள வரக் கூடாதுன்னு.”

“பொண்ணு வெளிய போகலாம்?”

“அதப்பத்தி ஒண்ணும் சொல்லப்படல.”

“மாஸ்டர்?” என்றாள் அருளப்பனைப் பார்த்து.

“தடையில்லம்மா” என்றார் அருளப்பன். கேட்டின் ஓரமாக விலகி வழிவிட்டார்.

அவள் கேட்டைத் தாண்டி வெளியே வந்தாள். “அப்பா, மண்டியத் தொறக்கச் சொல்லுங்க. கல்யாணத்த அங்க வச்சுக்கிருவோம். அங்க நம்ம சொல்றதுதான தீர்மானம்.” பிறகு சம்பந்தியிடம், “மாமா, மண்டிக்குப் படி இருக்கு. ரெண்டு படிதான். இவங்களே ஏத்தி விடட்டும்” என்றாள்.

சம்பந்தி மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “பொண்ணு வெவரமுங்க” என்றார். “காரை எடுங்க.”

ஊர்வலம் அப்படியே திரும்பியது. பேட்டரி போனதால் கிடார் இல்லை. காரின் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காரை ஆட்கள் தள்ளினார்கள். நானும் இறங்கித் தள்ளினேன். உள்ளே உட்காரும் யோக்கியதை எனக்கு இல்லை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் உட்காரவும் சொல்லவில்லை. வாசகசாலைச் சமையல்கட்டிலிருந்து சாம்பார் அண்டாக்கள் கேட்டைத் தாண்டிப் பின்னால் வந்தன. ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தவர் அருளப்பன்.

மறுநாள் காலை மண்டியில் முகூர்த்தம். மூட்டைகளை ஓரம் தள்ளி, சாக்குகளின் மேல் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். ஆனால் சின்ன வெங்காயத்தை ஓரம் தள்ளலாம், அதன் நெடியைத் தள்ள முடியாது. இரவெல்லாம் ஜனங்கள் மிதித்து நசுக்கியிருந்தார்கள். அதன் மேல் ஹோமப் புகை வேறு. ஐயர் அழுதுகொண்டே மந்திரம் சொன்னார். மாப்பிள்ளை தாரை தாரையாகக் கண்ணீர் வடித்தபடி தாலி கட்டினார். நாயனக்காரர் விசும்பினார், பேண்டுக்காரர்கள் விசும்பினார்கள். சம்பந்தி, “இத்தனை பாசமான குடும்பத்த நான் பார்த்ததில்லீங்க” என்று மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கல்யாண போட்டோவில் ஒருவர் முகம்கூடத் தெளிவாக இல்லை. மண்டியிலேயே பிறந்து வளர்ந்ததால் அழாமல் இருந்தவள் கமலம் ஒருத்திதான். படத்தில் அவள் மட்டும் நேராகப் பார்க்கிறாள்.

சாப்பாடு முடிந்து பேண்டுக்காரர்கள் விடைபெறும்போது, மாஸ்டர் மிக்கேல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், தப்பா நெனைக்கப்படாது. அந்தத் தீர்மானம் ஒரு நகல் கிடைக்குமா?”

வழக்குப் போடப்போகிறார் என்று நினைத்தேன். “எதுக்கு?”

“புஸ்தகம் ரெண்டாம் பதிப்பு போடுறோம் சார். மொதப் பக்கத்துல போட்டுக்கிருவோம்.”

“போடுறோம்னா? யாரு எழுதுனது?”

“நம்ம சூசைதான். பெரிய டிரம் அடிக்கிறான்ல, அவன். அந்த வாத்தியத்துக்குக் கை மட்டுந்தான வேலை, மூளை சும்மாதான சார் இருக்கு. நோட்டீஸ் அடிச்சா எவன் படிக்கிறான்? அதான் புஸ்தகமா அடிச்சோம். உங்க கூட்டத்துக்கு அப்புறம்தான் சார் ஒட்டன்சத்திரம் வரைக்கும் கேட்டு வர்றாங்க. வாசகசாலைல தடை பண்ணுனாங்களாமேன்னு.” பிறகு தயங்கினார். “ஒரு வருத்தம்தான் சார். குடிச்சாங்க, கும்மாளம் போட்டாங்கன்னு எழுதிருக்கான், எழுதிட்டுப் போறான். எட்டாம் அதிகாரத்துல என் கிளாரினெட்டு சுருதி சேராதுன்னு எழுதிப்புட்டான். அதப்பத்தி உங்க சபையில ஒருத்தரும் ஒரு வார்த்தை கண்டிக்கல.”

பாதிக்கப்பட்ட தரப்பு நகல் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தேன். ‘உண்மை நகல்’ என்று எழுதி, முழுப் பெயரும் பட்டமும் போட்டு, சங்க முத்திரையும் குத்தினேன். அப்போதும் புத்தி வரவில்லை.

இரண்டாம் பதிப்பில் என் தீர்மானம் முன்னுரையாக வந்தது. மல்லிகாவுக்காக நான் வடித்த கண்ணீர், அவளுக்கு நான் கூறிய அறிவுரை, கீழே என் கையெழுத்து, பி.ஏ. உட்பட. நம் வாசகர்கள் புத்தகத்தைத்தான் படிக்க மாட்டார்களே தவிர, முதல் பக்கத்தை விடமாட்டார்கள். சானிட்டரி இன்ஸ்பெக்டர் பஸ் ஸ்டாண்டில் பிடித்து நிறுத்தி, “முன்னுரை பிரமாதம் தம்பி. அதுக்கு மேல போகல” என்றார். உரக்கடை முதலாளி, முன்னுரை போதாது என்றார். அருளப்பன் மட்டும் அட்டையிலிருந்து அட்டைவரை படித்துவிட்டு வந்து, ஆடு கத்தும் பகுதி நன்றாக இருப்பதாகச் சொன்னார். அடுத்த தேர்தலில் அவர் செயலாளரானார். நானே முன்மொழிந்தேன்.

அடுத்த வருஷம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜி வந்தது, காப்பி வந்தது. பெண்ணின் தகப்பனார் மரியாதையாக எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “எல்லாம் திருப்திதான் தம்பி. அந்த மல்லிகாங்கறது யாருன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா...” என்றார்.

“ஆடுங்க” என்றேன்.

அவர் நம்பவில்லை. என்னோடு வந்திருந்த கமலமும் மாப்பிள்ளையும் சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில், இருவரும் பஜ்ஜியைப் பார்த்துக் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சிரித்தது. அந்தக் குரலுக்கு உரியவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

இன்றைக்கும் நான் கடைக்குப் போய்த் திரும்பக் கொஞ்சம் தாமதமாகி, வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது என்னைக் கேட்டால், என் மனைவி முகத்தை மாற்றிக்கொள்ளாமல் சொல்லுவாள்:

“மல்லிகாவுக்குத் தழை போடப் போயிருக்காரு. வர்ற நேரந்தான், உக்காருங்க.”